வரப்பில்லாத வயல்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

இந்தக் கடிதம் முழுக்க நிலத்தைப் பற்றித்தான். நாங்கள் குடியிருக்கும் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷையரில் லாக்ஸ்டன் என்றொரு பாரிஷ், அதாவது கிராமம், இருக்கிறது. 1086-இல் அரசர் எடுத்த டூம்ஸ்டே என்ற நிலக் கணக்கிலேயே பதிவான ஊர். பழைய தேவாலயமும், மண்மேடாக மிஞ்சிய நார்மன் கோட்டையும் உண்டு. என்னைக் கட்டிப்போட்டவை அதன் வயல்கள்.

மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல் என்று மூன்று பெரும் வயல்கள். ஒவ்வொன்றையும் நீளநீளத் துண்டுகளாகப் பிரித்துப் பல குடியானவர்கள் உழுகிறார்கள். நடுவே வேலி இல்லை, வரப்பும் இல்லை! ஒன்றில் குளிர்காலக் கோதுமை, அடுத்ததில் வசந்தத்தில் விதைக்கும் பயிர், மூன்றாவது தரிசு அல்லது தீவனப் புல். ஆண்டுதோறும் முறை மாறும். ஒரு காலத்தில் இங்கிலாந்தின் பெரும்பகுதி இப்படித்தான் விளைந்தது. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றம் சட்டத்துக்கு மேல் சட்டம் போட்டு நிலங்களுக்கு வேலி அடைத்தது. பொது மேய்ச்சலை நம்பி ஒரு மாடு வைத்திருந்த ஏழை எங்கே போவான்? படித்தபோது வயிறு எரிந்தது. லாக்ஸ்டன் தப்பித்துவிட்டது. 1635-இல் மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளர் வரைந்த நில வரைபடத்தில் உழுபவர்களும் அறுப்பவர்களும்கூடக் குட்டிக் குட்டியாக இருக்கிறார்கள்.

வரப்பில்லாமல் எல்லைத் தகராறு வராதா என்று கேட்பீர்கள். வரும். அதற்குத்தான் ஊர்க் குடியானவர்களே சேர்ந்த ஜூரி என்ற குழு. நவம்பர் கடைசியில் டிராக்டர் இழுக்கும் வண்டியில் ஏறி, கோதுமை விதைத்த வயலைச் சுற்றி வருகிறார்கள். நான் பாதையோரம் நின்று பார்த்தேன். ஒருவர் முளைக்குச்சியை நிமிர்த்திப் பிடிக்க, மற்றொருவர் சம்மட்டியால் ஓங்கி அடித்தார். இரண்டு பேர் கண்ணைச் சுருக்கி அடுத்த முளையோடு நேர்கோடு பார்த்தார்கள். பொதுப்பாதையையோ ஓரப் புல்தரையையோ சேர்த்து உழுதவர் பெயரைக் குறித்துக்கொள்வார்கள். ஒரு வாரம் கழித்து டவ்கோட் விடுதியில் கோர்ட் லீட் என்ற பழைய ஊர் நீதிமன்றம் கூடி அபராதம் விதிக்கும். இதற்குச் சட்ட அங்கீகாரமும் உண்டு.

நிலவுடைமை மட்டும் கைமாறியிருக்கிறது. 1952-இல் நிலத்தின் சொந்தக்காரரான மேன்வர்ஸ் பிரபு அரசுக்கு விற்றார்; 2020-இல் அவர் குடும்பத்தாரின் தோர்ஸ்பி எஸ்டேட்டே திரும்ப வாங்கியது. யார் கைக்குப் போனாலும் ஜூரி நிற்கவில்லை. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது: உழுகிறவர்களே கூடி எல்லையைத் தீர்த்துக்கொள்கிறார்கள்.

மழையில் சம்பாப் பயிர் மூழ்காமல் தப்பியதா? வடிகால் வெட்டியாயிற்றா? விவரமாக எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்