எத்தனையாவது பாகம் என்று அட்டையில் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஆண்டு ஈரோடு புத்தகத் திருவிழாவில், விண்வெளிப் பேரரசு ஒன்றைப் பற்றிய தடித்த ஆங்கில அறிவியல் புனைகதை ஒன்றை வாங்கினேன். பவானிக்குத் திரும்பும் பேருந்திலேயே பிரித்துவிட்டேன். பாத்திரங்கள் எல்லோரும் முன்பே பழகியவர்களைப் போலப் பேசிக்கொள்வது ஏன் என்று இரண்டு இரவுகள் குழம்பிய பிறகுதான், அது ஒரு தொடரின் மூன்றாம் பாகம் என்று தெரிந்தது. முன்னட்டையிலும் முதுகிலும் எண் இல்லை. உள்ளே, பதிப்புரிமைப் பக்கத்தில், எறும்பு எழுத்தில் இருந்தது.

நீளத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. பொன்னியின் செல்வனின் ஐந்து பாகங்களையும் மூன்று முறை வாசித்தவன் நான். 1950 முதல் 1954 வரை அதைத் தொடராக எழுதிய கல்கி, கதை இன்னும் நீளாதா என்று ஏங்கிய வாசகர்களுக்கு முடிவுரையில் சமாதானம் சொல்லி நிறுத்திக்கொண்டார். சுஜாதாவும் ஜீனோ என்ற இயந்திர நாயை இரண்டு நாவல்களோடு விட்டுவிட்டார்.

அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ நாவல் வரிசைதான் எனக்கு ஆறாத வருத்தம். பேரரசு வீழ்ந்தபின் வரவிருக்கும் முப்பதாயிரம் ஆண்டு இருளை ஆயிரம் ஆண்டாகச் சுருக்கும் திட்டத்தைச் சொல்லும் அக்கதை, 1951 முதல் 1953 வரை மூன்று நூல்களாக வந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து 1982இல் நான்காவதும் 1986இல் ஐந்தாவதும் வெளிவந்தன. ஆனால் திட்டத்தின் ஐந்நூறாவது ஆண்டை ஒட்டிக் கதையை நிறுத்திவிட்டு, அவர் முன்கதை எழுதப் போய்விட்டார், 1992இல் மறைந்தார். மீதி ஐந்நூறு ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதை அவர் எழுதவே இல்லை. பாதி ஜமக்காளத்தைத் தறியிலேயே விட்டுவிட்டுப் புதிதாகப் பாவு போடப் போகும் நெசவாளியை எங்கள் ஊரில் நான் கண்டதில்லை. (‘டியூன்’ என்ற அறிவியல் புனைகதை வரிசையும் ஆறாம் நூலோடு அந்தரத்தில் நிற்கையில், 1986இல் அதை எழுதிய ஃபிராங்க் ஹெர்பர்ட் காலமானார்; சாவைக் குறை சொல்ல முடியாது. பின்னர் அவர் மகன் இன்னொருவரோடு சேர்ந்து எழுதியவற்றை நான் வாங்கவில்லை.)

எழுத்தாளரை எழுதாதே என்று தடுக்க யாராலும் ஆகாது. ஆனால் இது எத்தனையாவது பாகம் என்பதை நூலின் முதுகிலும், தொடர் முடிந்துவிட்டதா இல்லையா என்பதைப் பின்னட்டையில் ஒரு வரியிலும் அச்சிடப் பதிப்பாளர்களுக்கு என்ன செலவாகிவிடும்? இத்தொடர்களைத் தமிழில் கொண்டுவர நினைப்பவர்களாவது முதல் பாகத்தை அச்சுக்கு அனுப்பும்போதே இதைச் செய்ய வேண்டும்.

நான் வாங்கிய மூன்றாம் பாகம் மேசையில் அப்படியே கிடக்கிறது. எங்கள் பகுதி நூலகத்தில் இரண்டாம் பாகம் மட்டும் இருக்கிறது. முதல் பாகத்தை எடுத்துச் சென்றவர் இன்னும் திருப்பித் தரவில்லையாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பவானி, ஈரோடு மாவட்டம்.