கம்பளி சுற்றிய ஆலிவ் கிளைகள்

அன்பு மகளுக்கு,

தஞ்சம் கேட்டு வருவோரின் விண்ணப்பங்களைப் படிக்கும் வேலையில் நீ சேர்ந்து இரண்டு மாதமாகிறது. போன வாரம் பேசியபோது, அவர்களைத் துருவித் துருவிக் கேட்பதே பாவமாகத் தோன்றுகிறது என்றாய். அன்றிலிருந்து பண்டைக் கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் 'அடைக்கலம் வேண்டுவோர்' நாடகம் என் மனத்தை விட்டு அகலவில்லை.

கி.மு. 460களில் ஏதென்ஸில் அரங்கேறிய நாடகம் அது. தந்தையின் உடன்பிறந்தான் மக்களை மணக்க மறுத்து எகிப்திலிருந்து தப்பிய தனாவுஸின் 50 மகள்கள், வெண்கம்பளி சுற்றிய ஆலிவ் கிளைகளை ஏந்தி, ஆர்கோஸ் நாட்டுக் கடவுளரின் பலிபீடத்தை அடைகிறார்கள். அரசன் பெலாஸ்கஸும் உன்னைப் போலவே கேள்விதான் கேட்கிறான்: உங்கள் உடை கிரேக்க உடையல்ல, முகமும் எங்கள் பெண்களின் முகமல்ல, பிறகு எப்படி இந்த மண்ணுக்கு உறவு கொண்டாடுகிறீர்கள்? ஆர்கோஸில் பிறந்த அயோ தங்கள் மூதாட்டி என்பதை அவர்கள் ஒவ்வொன்றாகச் சொல்லி நிலைநாட்டுவதற்கு அந்தக் கேள்விகளே இடம் கொடுத்தன.

முன்பு பெலாஸ்கஸைக் கோழை என்றே எண்ணியிருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஏற்றுக்கொண்டால் அவர்களைத் துரத்தி வரும் எகிப்தியரோடு போர், விரட்டினால் அடைக்கலம் புகுந்தோரைக் காக்கும் ஜீயஸின் சினம். மது மயக்கமில்லாத தெளிந்த கண்ணோடு ஆழத்தில் இறங்கும் முக்குளிப்பவனைப் போல யோசிக்க வேண்டும் என்கிறான். அப்பெண்கள் தங்கள் இடைக்கச்சைகளைக் காட்டி, இவற்றாலேயே இந்தத் தெய்வச் சிலைகளில் தூக்கிட்டுக்கொள்வோம் என்று சொல்லும் இடத்தில் எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது. அப்போதும் அவன் தானாக முடிவெடுப்பதில்லை. போரில் மாளப்போவது குடிமக்கள் என்பதால் அவர்களிடமே கேட்கிறான். அவையில் எல்லோருடைய வலக்கைகளும் ஒருசேர உயர்கின்றன. இவர்களை எவரும் பிடித்துச் செல்லக்கூடாது; வலிந்து இழுக்க வந்தால், உதவிக்கு வராத குடிமகன் உரிமை இழந்து நாடு கடத்தப்படுவான் என்று தீர்மானிக்கிறார்கள்.

எகிப்தியத் தூதன் வந்து அவர்களை இழுக்க முற்படும்போது பெலாஸ்கஸ் தடுத்து நிறுத்துகிறான். அதன்பின் வரும் சிறு பேச்சைப் பலரும் கடந்து போய்விடுவார்கள். ஒரு தாயான எனக்கு அங்கேதான் கண் நின்றது. நகரில் பொது வீடுகள் நிறைய உண்டு, பிறரோடு சேர்ந்து வாழலாம், தனித்திருக்க விரும்பினால் அதற்கும் வீடு உண்டு, உங்களுக்கு எது பிடிக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அந்தப் பெண்களிடம் அவன் சொல்கிறான்.

அன்புடன்,
அம்மா