மேளக்காரர்களிடம் அச்சாரத்தைத் திரும்பக் கேட்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு (மார்ச் 2020),

கடந்த சனிக்கிழமை இரவு செங்கோட்டை அருகே ஒரு கோயில் கொடை விழாவில், நாதஸ்வரமும் தவிலும் உறுமியும் சேர்ந்து முழங்கும் நையாண்டி மேளம் கேட்கப் போயிருந்தேன். போகலாமா என்று வீட்டில் அரை மணி நேரம் வாக்குவாதம். மார்ச் 11 அன்றே கொரோனாவைப் பெருந்தொற்று என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. எல்லை ஊரான புளியரையைத் தாண்டினால் கேரளத்தில் தியேட்டர்கள் மார்ச் 31 வரை மூடல். ஆனாலும் போனேன், மேளச் சத்தம் காதில் விழுந்தால் எனக்குக் கால் நிற்காது.

கூட்டம் பாதிதான். நாதஸ்வரக்காரர் ஊதும் முனையான சீவாளியை உதட்டில் வைத்து ஈரப்படுத்தியபோது முன்வரிசையில் இருந்தவர் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார். வழக்கமாகச் சட்டையில் குத்திவிடும் பத்து ரூபாய் நோட்டை ஒருவர் தட்டில் எட்ட நின்று போட்டார். தவில்காரர் சிரித்தபடியே விரல் கூடுகளைச் சரிசெய்துகொண்டார். வாசிப்பில் குறை ஒன்றும் இல்லை. உறுமி உறுமிய உறுமலில் நானும் பயத்தை மறந்தேன் என்பதே உண்மை.

இனி நான் போகப்போவதில்லை, வீட்டில் வயதான தாயார் இருக்கிறார். பங்குனி உத்திரத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான். பங்குனி முதல் ஆடி வரைதான் மேளக்காரர்களுக்கு வருமானம். கொடைகளை ஒத்திவைக்கும் ஊர்க் கமிட்டிகள் கொடுத்த அச்சாரத்தைத் திரும்பக் கேட்காமல் இருக்கட்டும். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியமும், வாரிய உறுப்பினர் அட்டை இல்லாதவர்களையும் சேர்த்து, இப்போதே உதவித்தொகை வழங்க வேண்டும்.

— ஒரு வாசகர், செங்கோட்டை