இரண்டு வோல்டேஜை முதலில் முடிவு செய்

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய சர்க்யூட் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு கோடாகப் பார்த்தேன். நாற்றுப் பெட்டி 25 டிகிரியை நெருங்கும்போதெல்லாம் ஹீட்டரைப் போட்டு அணைக்கும் ரிலே கடகடவென்று அடித்துக்கொள்கிறது, ஹிஸ்டெரிசிஸ் (அணையும் வோல்டேஜுக்கும் மறுபடி எரியும் வோல்டேஜுக்கும் நடுவே ஒரு இடைவெளி) போட்டும் நிற்கவில்லை என்று எழுதியிருந்தாய். அவுட்புட்டை இன்புட்டுக்குத் திருப்பிக் கொடுக்கும் ஃபீட்பேக்கில் நீ போட்டிருக்கும் 220 கிலோ ஓம் சரியான ரெசிஸ்டர்தான். அதை வேலை செய்ய விடாமல் வேறொன்று தடுக்கிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையும் தெர்மிஸ்டர் மேலே 5 வோல்ட்டுக்கு, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் கீழே கிரவுண்டுக்கு. 25 டிகிரியில் தெர்மிஸ்டரும் 10 கிலோ ஓம், ஆக நடுவில் 2.5 வோல்ட். அதன் பீட்டா, அதாவது சூட்டுக்கு அது எவ்வளவு வேகமாக மாறும் என்று காட்டும் எண், 3950 என்பதால், அந்த இடத்தில் ஒரு டிகிரிக்குச் சுமார் 55 மில்லிவோல்ட் நகரும். ரெசிஸ்டர் பெட்டியைத் திறப்பதற்கு முன் தெரிய வேண்டிய எண் இதுதான். இது தெரியாவிட்டால் 0.4 வோல்ட் இடைவெளி சின்னதாகத்தான் தோன்றும். உன் பெட்டியில் அது ஏழு டிகிரி!

நாற்றுக்கு இரண்டு டிகிரி ஏறி இறங்கினால் ஒன்றும் ஆகாது. அப்படியானால் 110 மில்லிவோல்ட் போதும். ஆஸிலோஸ்கோப்பில் நீ பார்த்த இரைச்சல் உச்சிக்கு உச்சி 30 மில்லிவோல்ட் என்றாய். அதைப் போல மூன்று மடங்குக்கு மேல் இருக்கிறது, நிம்மதி. இடைவெளி இரைச்சலைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், செடி தாங்குவதைவிடச் சிறிதாக இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நீ தேர்ந்தெடுக்க முடியும்.

உன் எல்எம்393 ஒரு கம்பாரேட்டர் சிப்: மைனஸ் பின்னில் வரும் தெர்மிஸ்டர் வோல்டேஜை ப்ளஸ் பின்னின் வோல்டேஜோடு ஒப்பிடும். ப்ளஸ் பின்னில் இருக்கும் இரண்டு 10 கிலோ ஓமும் சேர்ந்து 5 கிலோ ஓம் போல நடந்துகொள்ளும். அவுட்புட் 0-க்கும் 5-க்கும் இடையே தாவினால், இடைவெளி 5 × 5 / (220 + 5), அதாவது 0.11 வோல்ட். மேல் அளவு 2.56, கீழ் அளவு 2.44. சூடு ஏறி 2.56-ஐத் தாண்டினால் ஹீட்டர் அணையும், 2.44-க்குக் கீழே இறங்கிய பிறகுதான் மறுபடி எரியும். உன் கணக்கும் இதுவே.

ஆனால் அவுட்புட் 5 வோல்ட்டுக்குப் போகவே இல்லை. எல்எம்393 தானாக மேலே தள்ளாது, கீழே மட்டும்தான் இழுக்கும். மேலே கொண்டுபோவது, அவுட்புட்டை 5 வோல்ட்டோடு இணைக்கும் புல்-அப் ரெசிஸ்டரின் வேலை. நீ அந்த அவுட்புட்டை நேராக, ரிலேயை ஓட்டும் ட்ரான்சிஸ்டரின் பேஸில் கொடுத்திருக்கிறாய். பேஸ் 0.7 வோல்ட்டுக்கு மேல் ஏற விடாது. ஆக அவுட்புட் 0-க்கும் 0.7-க்கும் நடுவில்தான் ஆடுகிறது. மேல் அளவு 2.46-க்கு இறங்கிவிட்டது. 110 இருக்க வேண்டிய இடத்தில் மிஞ்சியது 15 மில்லிவோல்ட், உன் இரைச்சலில் பாதி. ரிலே அடிக்காமல் என்ன செய்யும்?

ட்ரான்சிஸ்டரை எடுத்துவிட்டு, 5 வோல்ட்டில் முழுதாகத் திறக்கும் மாஸ்ஃபெட் (வோல்டேஜால் இயங்கும் ட்ரான்சிஸ்டர் வகை) ஒன்றைப் போடு. பேஸுக்குப் பதிலாக அதில் இருக்கும் கேட் நிலையாகக் கரண்ட் இழுக்காது, அவுட்புட் தாராளமாக 5 வரை ஏறும். புல்-அப் 4.7 கிலோ ஓம் இருக்கட்டும். 220-க்கு முன்னால் அது கணக்கைப் பெரிதாக மாற்றாது. ரிலே காயிலின் குறுக்கே டையோடு போட்டிருக்கிறாய், சந்தோஷம்.

தெர்மிஸ்டர் வரும் மைனஸ் பின்னில் கிரவுண்டுக்கு ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைக்கலாம். ப்ளஸ் பின்னில் வைத்துவிடாதே. அவுட்புட் மாறிய அந்த நொடியிலேயே அளவும் நகர வேண்டும். கெப்பாசிட்டர் அதைத் தாமதப்படுத்தும், அதற்குள் இரைச்சல் மறுபடி உள்ளே புகுந்துவிடும். அப்புறம், தெர்மிஸ்டரும் ப்ளஸ் பின்னின் ரெசிஸ்டர்களும் ஒரே 5 வோல்ட்டிலிருந்து வரட்டும். சப்ளை கொஞ்சம் தளர்ந்தாலும் இரண்டும் ஒரே விகிதத்தில் இறங்கும், டிகிரி மாறாது.

இப்படி இரண்டு அளவு வைத்து மாறும் சர்க்யூட்டை, அதாவது ஷ்மிட் ட்ரிக்கரை, முதலில் யோசித்த ஆட்டோ ஷ்மிட் 1934-ல் உன்னைப் போல ஒரு மாணவர்தான். கணவாய் மீனின் நரம்பில் துடிப்பு எப்படி ஓடுகிறது என்ற ஆராய்ச்சியிலிருந்து, ட்ரான்சிஸ்டருக்கு முந்தைய வாக்யூம் வால்வுகளை வைத்து இதை உருவாக்கினார். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது, அதனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மாற்றிய பிறகு மல்டிமீட்டரை ப்ளஸ் பின்னில் வைத்து, ஹீட்டர் எரியும்போது ஒரு ரீடிங், அணைந்தபோது ஒரு ரீடிங் எடுத்து அனுப்பு. 2.56-ம் 2.44-ம் வந்தால் சர்க்யூட் பக்கம் வேலை முடிந்தது. அதன் பிறகும் பெட்டி இரண்டு டிகிரிக்கு மேல் ஆடினால், அணைந்த ஹீட்டரில் மிச்சமிருக்கும் சூடுதான் காரணமாக இருக்கும். தெர்மிஸ்டரை ஹீட்டர் பக்கம் வைத்திருக்கிறாயா, மண்ணை ஒட்டியா? படத்தில் அது தெரியவில்லை. எழுது.

அன்புடன்,
அம்மா