சயனைடு மேட்டை மூடிவிட்டு ஆள் கூட்டி வாருங்கள்

கர்நாடகத்திலுள்ள கோலார் தங்கவயலுக்குச் சுற்றுலா ஆட்களை அழைத்து வருகிறவர்களுக்கும், அதற்குத் திட்டம் போடுகிற அதிகாரிகளுக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டுக்கு எதிரே ஒரு வேன் வந்து நின்றது. கூட்டி வந்தவர், "மைன்ஸ் மூடினதும் எல்லாரும் போயிட்டாங்க, இப்ப இது ஆளில்லாத ஊரு" என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பத்தடி தள்ளி வாசற்படியில் என் அப்பா உட்கார்ந்திருந்தார். ஒருவர், அப்பா படத்தில் விழாதபடி கொஞ்சம் நகர்ந்து நின்று, பக்கத்து வீட்டு இடிந்த சுவரைப் படம் பிடித்தார். அப்புறம் எல்லோரும், சயனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய தூள் குவிந்த சயனைடு மேட்டில் ஏறப் போய்விட்டார்கள், கைக்குழந்தையோடு.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடிய கதை உங்களுக்குத் தெரியும். 120 வருஷம் தோண்டியதும், சுமார் 800 டன் தங்கம் எடுத்ததும் தெரியும். அந்தத் தங்கத்துக்காக அரைத்த பாறைத் தூள் 3 கோடி டன்னுக்கு மேல் ஊருக்குள்ளேயே குவிந்து கிடப்பதும் தெரியும். அதன் மேல் நின்றுதானே படம் எடுக்கிறீர்கள்.

ஆடிக் காற்று தொடங்கிவிட்டால் அந்த மேடு எங்கள் வீட்டுக்குள் வந்துவிடும். ஜன்னலில் ஈரத்துணி கட்டுகிறோம். காலையில் கட்டியதை மத்தியானம் அவிழ்த்து வாளியில் அலசினால் சிமெண்டு கரைத்த மாதிரி தண்ணீர் மாறிவிடும். சோற்றை மூடித்தான் வைக்கிறோம், ஆனாலும் பல்லில் நறநறக்கிறது. துணியை அவிழ்த்து வேறு துணி கட்டுகிற அந்த ரெண்டு நிமிஷத்துக்குள் அப்பாவுக்கு இருமல் வந்துவிடும், அப்புறம் ராத்திரி முழுக்க உட்கார்ந்தேதான் இருப்பார். சாம்பியன் ரீஃபில் இருபத்தாறு வருஷம் அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவர். மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சுரங்கம் அது. கீழே இருந்தபோது எந்தப் பாறையின் தூசியை மூச்சில் இழுத்தாரோ, அதே பாறையின் தூளைத்தான் இப்போது வீட்டில் உட்கார்ந்தும் இழுத்துக்கொண்டிருக்கிறார்.

அந்த மேட்டை முதலில் மூடுங்கள். மேலே நல்ல மண் போட்டு, புல்லும் செடியும் பிடிக்க வைத்து, தூசி கிளம்பாமல் செய்யுங்கள். இதற்காக ஏறாத படியில்லை. யாருடைய பொறுப்பு என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டுகிறார்கள். ஆளில்லாத ஊர் என்று எழுதிவிட்டால் தூசி யார் தலையில் விழுகிறது என்று ஒருத்தரும் கேட்கப் போவதில்லை, அந்த வார்த்தை எங்களைச் சுடுவது அதனால்தான்.

விடியற்காலையில் மாரிக்குப்பம் ஸ்டேஷனில் வந்து நின்று பாருங்கள். பெங்களூருக்கு வேலைக்குப் போக எத்தனை பேர் ரயிலுக்கு ஓடுகிறார்கள் என்று தெரியும். ராத்திரி திரும்பி இதே லைன் வீடுகளில்தான் படுக்கிறார்கள். 1902லேயே காவிரியின் சிவனசமுத்திர நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர் என்று பெருமையாகச் சொல்கிறீர்கள், வெள்ளைக்காரத் துரைகளின் பங்களாவைக் காட்டுகிறீர்கள். சுரங்கத்துக்குள் இறங்கியவர்களின் பிள்ளைகளுக்கு உள்ளூரில் ஒரு வேலை உண்டா என்று யாராவது கேட்டீர்களா? பாறை வெடித்துச் செத்தவர்களின் வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்றாவது?

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். சுற்றுலாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாலு பேர் வந்தால் நாலு கடை ஓடும். சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் எங்கே இருந்தது, கூண்டில் நின்று இறங்கும்போது காது எப்படி அடைக்கும் என்றெல்லாம் என் அப்பாவை விட நன்றாகச் சொல்ல உங்களிடம் ஆள் கிடையாது. இப்போது அவரால் ரெண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச முடிவதில்லை.

அடுத்த ஆடிக்குள் மேட்டை மூடும் வேலையையாவது தொடங்குங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அதுவரை அந்த மேட்டில் யாரையும் ஏற்றாதீர்கள், முக்கியமாகக் குழந்தைகளை.

இப்படிக்கு,
தங்கவயலில் குடியிருக்கும் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள்