சப்பாத்து கொடுக்கும் நாம் பாதையைப் பற்றியும் பேசலாம்

இலங்கை மலையகத்தில் கொப்பியும் சப்பாத்தும் கொடுத்துவரும் சிறு அறக்கட்டளைகளின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். நானும் உங்களில் ஒருவன்தான். ஏழு பேர் சேர்ந்து நடத்தும் ஒரு சிறிய அறக்கட்டளையில் கணக்கு எழுதுகிறேன். பள்ளிக்கூடத் தவணை தொடங்கும்போது ஒரு தோட்டத்தின் மேல் டிவிசன் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுப்போம். நாற்பத்து மூன்று சோடி. ஜூன் மழை பிடித்ததும் பாதி சோடிக்கு அடி கழன்றுவிடும். மூன்றாவது வருடம் ஓர் அம்மா, வாய் பிளந்த சப்பாத்தைச் சொப்பிங் பேக்கில் போட்டுக்கொண்டு வந்தார். "சப்பாத்த குறை சொல்லல சேர். ரோட்டுதான் தின்னுது" என்றார். நான் கணக்குப் புத்தகத்தில் 'மாற்றுச் சோடி 12' என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போனேன். அவ்வளவுதான் செய்தேன்.

அன்றிரவுதான் உறைத்தது. மூன்று வருடமாக நாம் அந்த ரோட்டுக்குத்தான் தீனி போட்டுக்கொண்டிருக்கிறோம்.

சரி, அந்த ரோட்டு யாருடையது? தோட்ட நிர்வாகத்தைக் கேட்டால் பிரதேச சபையைக் கேளுங்கள் என்றார்கள். சபையில் கேட்டால் அது தோட்டத்துப் பாதை என்றார்கள். இந்தப் பந்தாட்டம் உங்களுக்கும் பழகியதுதான். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை சேவை செய்வதற்குத் தடையாக இருந்தது. பல ஆண்டுகள் பேசிப் பேசியே 2018இல் அதைத் திருத்தினார்கள். ஆனால் சட்டம் மாறியது தெரியாததுபோலவே கவுண்டரில் பழைய பதில்தான் வருகிறது.

சபை தன் பாதைகளை எழுதிவைத்திருக்கும் புத்தகம்தான் வீதிப் பதிவேடு. அதனால் சபைக்கு ஒரு தாளில் ஒரே ஒரு கேள்வி எழுதினோம்: 'இன்ன டிவிசனிலிருந்து பாடசாலைக்குப் போகும் பாதை உங்கள் வீதிப் பதிவேட்டில் உள்ளதா?' 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி தமிழிலேயே கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். முதலில் பதில் வரவில்லை. மேன்முறையீடு எழுதிய பிறகு வந்தது. ஒரே வரி: 'இல்லை.'

அந்த 'இல்லை' எங்களுக்குப் பெரிய சொத்து. எழுத்தில் இல்லாத வரைக்கும் எல்லோரும் தலையாட்டுவார்கள். எழுத்தில் வந்த பிறகு, அதைப் பதிவேட்டில் சேருங்கள் என்று கேட்க இடம் கிடைக்கிறது.

மக்களின் தேவைக்காக அதிகாரத்தில் இருப்பவர்களிடம் இப்படிக் கேட்பதைத்தான் பட்டறைகளில் அட்வகசி என்கிறார்கள். ஹோட்டல் மண்டபம், கழுத்தில் அட்டை, பகல் சாப்பாடு எல்லாம் வைத்துச் சொல்லித்தருவதால், இது பெரிய நிறுவனங்களின் வேலை என்று நாம் ஒதுங்கிவிட்டோம். எந்தப் பிள்ளையின் சப்பாத்து எந்த மாதம் பிய்கிறது என்பது எந்தப் பெரிய நிறுவனத்துக்கும் தெரியாது. நமக்குத் தெரியும்.

'எங்கள் அறக்கட்டளையின் யாப்பு விதிகளில் அரசியல் கூடாது என்று இருக்கிறது' என்பீர்கள். எங்கள் தலைவரும் அதைத்தான் சொன்னார். கட்சிக்கு வாக்குக் கேட்பது வேறு, பாதையைப் பதிவேட்டில் சேர்க்கக் கேட்பது வேறு. லண்டனிலிருந்து காசு அனுப்புகிறவர்களும் இதற்குப் பயப்படுகிறார்கள். இங்கிலாந்தின் அறக்கட்டளை ஆணையமே கட்சியை ஆதரிக்கக்கூடாது என்றுதான் சொல்கிறது. அறக்கட்டளையின் நோக்கத்துக்காகச் சட்டத்தையோ கொள்கையையோ மாற்றக் கோருவதற்கு அனுமதி உண்டு. அதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

இன்னொரு பயம் நியாயமானது. நிர்வாகத்தோடு முரண்பட்டால் அடுத்த முறை தோட்டத்துக்குள் விடமாட்டார்களே? இதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். அதனால்தான் தனியாகப் போகாதீர்கள் என்கிறேன். மூன்று நான்கு அறக்கட்டளைகள் சேர்ந்து ஒரே கடிதத்தில் கையெழுத்து வையுங்கள். அதற்கும் மேலே பெற்றோரின் கையெழுத்து இருக்கட்டும். கேட்கிறவர்கள் அவர்கள்தான். டைப் அடித்து, போட்டோகொப்பி எடுத்து, பஸ் காசு கொடுப்பது நம் வேலை. அவர்களுக்குப் பதிலாக நாம் பேசத் தொடங்கினால் இன்னொரு துரை ஆகிவிடுவோம்.

2014 ஒக்டோபரில் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்தபோது பாயும் அரிசியும் கொண்டுபோனவர்களில் நானும் ஒருவன். அங்கே ஆபத்து இருக்கிறது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள் என்பதை அப்புறம் பத்திரிகையில்தான் படித்தேன். இடையில் ஒன்பது வருடம். அங்கே குடியிருந்தவர்களுக்கு மாற்றுக் காணி எங்கே என்று நம்மில் யாராவது ஒரு கடிதம் எழுதினோமா? நான் எழுதவில்லை. எச்சரிக்கை இருப்பதே எனக்குத் தெரியாது. கேட்டும் பார்க்கவில்லை.

கேட்பதற்கும் பருவம் உண்டு. சபை அடுத்த வருடத்து வரவுசெலவுத் திட்டத்தை வருடக் கடைசியில் நிறைவேற்றும். டிசம்பரில் போனால் டீ கொடுத்து அனுப்புவார்கள். ஓகஸ்ட், செப்டம்பரில் போனால் உறுப்பினர்களுக்கும் காது கொஞ்சம் திறந்திருக்கும். நுவரெலியா, அம்பகமுவ என்று இரண்டாக இருந்த சபைகள் 2018இல் ஆறாகிவிட்டதால், அந்தப் பக்கத்து ஆட்களுக்கு உறுப்பினரின் வீடு இப்போது தூரமும் இல்லை.

எங்கள் பாதை இன்னும் போடப்படவில்லை. ஓர் உறுப்பினர் அதைச் சபையில் பிரேரணையாகக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். பார்ப்போம். அதுவரை சப்பாத்தும் கொடுப்போம், மாற்றுச் சோடிக் கணக்கும் எழுதுவோம். அந்தக் கணக்கின் பிரதி இப்போது கடிதத்தோடு சபைக்கும் போகிறது.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். நீங்கள் உதவி செய்யும் தோட்டத்தில் பிள்ளைகள் நடக்கும் பாதை எது, அது பதிவேட்டில் இருக்கிறதா என்று இந்த மாதமே எழுதிக் கேளுங்கள். வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். ஓகஸ்டுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஹட்டனில் கூடி, எல்லா 'இல்லை'களையும் சபை வாரியாக அடுக்கிப் பார்க்கலாம். சாப்பாட்டுப் பார்சல் அவரவர் கொண்டுவர வேண்டும்.

இப்படிக்கு,
கணக்கு எழுதும் ஒருவன்