குடுத்த சோத்தைத் திருப்பி வாங்கின அண்ணைக்கு

எல்லாருக்கும் வணக்கம். நேற்றுத்தான் வெள்ளத்துக்கு ஒதுங்கியிருந்த பள்ளிக்கூடத்தில இருந்து வீட்டுக்குத் திரும்பினனாங்கள், முத்தமெல்லாம் இன்னும் சேறு, ஃபோனும் இண்டைக்குத்தான் சார்ஜ் ஏறினது, எழுத்துப்பிழை இருந்தா குறை நினைக்காதேங்கோ. வெள்ளத்தைப் பற்றி நான் ஒண்டும் சொல்லத் தேவையில்லை, எல்லாரும் பட்டதுதான்.

இது ஏ9 ரோட்டுக் கரையில சாப்பாட்டுக்கடை வச்சிருக்கிற அண்ணைக்கு. பேர் போடவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டார். சோறு தந்ததுக்கு நன்றி சொல்லுறதுதானே வழமை, நான் தந்த சோத்தைத் திருப்பி வாங்கினதுக்குச் சொல்ல வந்திருக்கிறன்.

அண்டைக்கு பஸ் சனத்துக்கெண்டு ஆக்கினதாம், ரோட் மூடி ஒரு பஸ்ஸும் வரேல்ல, அப்பிடியே பார்சல் கட்டி டிரக்டரில ஏத்தி விட்டிருக்கினம். பார்சலுக்கு மேல மார்க்கர் பேனையால 11.30 எண்டு கிடந்தது, நாங்கள் ஏதோ கடைக்கணக்கு எண்டு நினைச்சம். டிரக்டர் முரசுமோட்டைப் பக்கம் தண்ணிக்குள்ள இறுகி, எங்களிட்ட வர நாலரை தாண்டீற்று. நான் சின்னவனுக்குப் பார்சலைப் பிரிக்கப் போறன், பின்னால இன்னொரு டிரக்டரில தொங்கிக்கொண்டு வந்த அண்ணை குதிச்சு இறங்கி "அக்கா பிரிக்காதேங்கோ" எண்டு கத்துறார்.

எல்லாத்தையும் ஒண்டும் விடாம வாங்கினார். எனக்கு வந்த கோவம்! 2009இல கஞ்சிக்கு வரிசையில நிண்ட சனம் நாங்கள், பிள்ளையளின்ர கண்ணுக்கு முன்னால சோத்தைப் பறிக்கிறியளோ எண்டு வாய்க்கு வந்தபடி ஏசிப்போட்டன். மனுசன் திருப்பி ஒரு சொல்லுக் கதைக்கேல்ல. பிறகு மெல்லமாச் சொன்னார், "மணக்கேல்லத்தான் அக்கா, ஆனா ஆக்கின சோறு வெளியில ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல நிக்கக்கூடாது, சோத்தில வாற கிருமி விடுற நஞ்சு திருப்பிச் சூடாக்கினாலும் போகாது. இஞ்ச வயித்தாலடி துவங்கினா இருக்கிற ரெண்டு கக்கூசுக்கு எத்தினை பேர் நிப்பியள்?"

வெறுங்கையோட வரேல்ல அவர். பக்கத்துப் பேக்கரியில கரண்ட் இல்லாட்டியும் விறகுப் போறணை எரிஞ்சதாம், குழைச்ச மா புளிச்சுப்போகும் எண்டு முழுக்கச் சுட்டுப்போட்டு வாங்க ஆளில்லாம நிண்டிருக்கினம், அந்தப் பாண் பெட்டி பெட்டியா வந்தது. சம்பல் இடிச்சு சாப்பிட்டம். அடுத்த நாள் தொடக்கம் ஆக்கின சோறு அனுப்பேல்ல, கடையில கிடந்த அரிசி பருப்பு பூசணிக்காய், கிடாரம், சமையல்காரத் தம்பி எல்லாம் பள்ளிக்கூடத்துக்கே வந்திட்டுது.

இதைப் பிரான்சில இருக்கிற தம்பிக்குச் சொல்ல, அங்க 2016இல சட்டமே போட்டிட்டாங்கள் எண்டான், 400 சதுர மீற்றருக்கு மேல இருக்கிற சூப்பர்மார்க்கெட் விக்காத நல்ல சாமானைப் பழுதாக்கி எறியேலாதாம், தொண்டு நிறுவனத்தோட ஒப்பந்தம் வச்சுக் குடுக்கவேணுமாம். நல்லதுதான். ஆனா எங்கட அண்ணைக்கு ஒரு சட்டமும் சொல்லேல்ல, இடுப்பளவு தண்ணிக்குள்ளால பின்னால வரச்சொல்லி.

நான் இடியப்பம் அவிச்சுக் கடையளுக்குப் போடுற ஆள். திரும்பி வாறதை மத்தியானம் மட்டும் வச்சிருந்து, பிறகு மனம் கேக்காம ஆருக்கும் குடுக்கிறது, இல்லாட்டி கோழிக்கு. இனி அப்பிடியில்லை. பெட்டியில நேரம் எழுதுவன், காலமையே மிச்சத்தைக் கேட்டு எடுத்து ஒழுங்கையில தனிய இருக்கிற கிழவியளிட்ட சூட்டோட சேர்ப்பன், பிந்தினா கோழிக்குத்தான்.

டிரக்டர் பெடியள், அதிபர், ஜீஎஸ் (கிராம சேவகர்), பாய் தந்த கோயில் ஆக்கள், பால்மா கொண்டுவந்த பிள்ளையள், வெளிநாட்டில இருந்து காசு போட்ட சொந்தங்கள், எல்லாருக்கும் சேர்த்துத்தான் சொல்லுறன், ஒவ்வொருத்தராச் சொன்னா விடியும்.

அண்ணை, ஏசினதை மனசில வச்சிருக்காதேங்கோ. உங்கட கிடாரம் ஒண்டு எங்களிட்ட நிக்குது, கரி போகத் தேய்ச்சு வச்சிருக்கிறன். மார்க்கர் பேனையும் இஞ்சதான், அதை மட்டும் கேக்காதேங்கோ.